சளிக்கு ஓர் அட்டை மாத்திரை

அன்புள்ள வசந்தா,

மூட்டு அறுவை நல்லபடியாக முடிந்து, கம்பு ஊன்றாமல் நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே பெரியவன் மாற்றலாகி ஓசூர் போய்விட்டான். லீவுக்கு வந்திருந்த பேத்தியும் போன வாரம் கிளம்பிவிட்டாள். இப்போது வீட்டில் நானும் இவரும்தான்.

அந்தக் குட்டிக்கு எதைப் பார்த்தாலும் 'ஜெர்ம்ஸ்'. தரையில் உட்கார மாட்டாள், நாய்க்குட்டியைத் தொட மாட்டாள். பையில் சானிடைசர் வேறு. ஒருநாள் இட்லி மாவு பொங்கி வழிந்ததைப் பார்த்து, "ஏன் பாட்டி இவ்வளவு குமிழி?" என்றாள். உள்ளே கிருமி வேலை செய்கிறது என்று சொல்லித் தொலைத்தேன். காலையில் இட்லியைத் தொடவே இல்லை. மத்தியானம் பசி எடுத்ததும் நாலு உள்ளே போனது, அது வேறு கதை. உளுந்திலும் அரிசியிலும் தானாகவே ஒட்டிக்கொண்டு வரும் லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியாதான் மாவு உப்புவதற்கு முக்கியக் காரணம். அதையும் ஒழித்துவிட்டால் நாம் எதைச் சாப்பிடுவது?

இவர் உடனே வைணவ குருபரம்பரையை எடுத்துக்கொண்டார். ராமானுஜரை விரட்டிய சோழனுக்குக் கழுத்தில் புண் வந்து புழு வைத்ததாம், அதனால் 'கிருமிகண்ட சோழன்' என்று பேராம். அந்தக் காலத்துக் கிருமி கண்ணுக்குத் தெரிந்தது. நம் காலத்துக் கிருமிக்கு லேப் வேண்டும்.

லேப் என்றதும், அங்கே வேலை பார்த்த எனக்குக் கை பரபரக்கிறது. கிருமி வளர்க்கும் அகார் தட்டு ஒன்றை உனக்குக் காட்டியதே இல்லை, இல்லையா? சைனா கிராஸ் போட்டு நோன்புக்குக் கடல்பாசி செய்வார்களே, அதே பொருள்தான். ஜெர்மனியில் ஃபேன்னி ஹெஸ்ஸே என்ற பெண்மணி சமையலில் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். ஆராய்ச்சி செய்த கணவர் கிருமி வளர்க்க வைத்திருந்த ஜெலட்டின் வெயிலில் உருகி ஓடியபோது, இதைப் போட்டுப் பாருங்கள் என்று 1881-இல் யோசனை சொன்னவர் அவர்தான். அந்தத் தட்டில் நோயாளியின் கிருமியைத் தடவி, மேலே மருந்து தோய்த்த சின்னச் சின்ன வட்டக் காகிதங்களை வைத்து, ராத்திரி முழுக்க இன்குபேட்டரில் விட்டுவிடுவோம். காலையில் தட்டெல்லாம் மோர் தெளித்த மாதிரி மங்கலாகப் படர்ந்திருக்கும். மருந்து வேலை செய்த இடத்தில் மட்டும் காகிதத்தைச் சுற்றி வளையமாகத் தெளிவாக இருக்கும். ஸ்கேலை வைத்து அதை மில்லிமீட்டரில் அளந்து எழுதுவோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரிய பெரிய வளையங்கள். ஓய்வு பெறும் சமயத்தில் சில தட்டுகளில் ஒன்றுமே இருக்காது, காகிதத்தின் விளிம்பு வரை கிருமி வளர்ந்திருக்கும். அந்த ரிப்போர்ட்டை டாக்டர் கையில் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

இத்தனையும் தெரிந்த என் வீட்டிலேயே என்ன நடந்தது தெரியுமா? பேத்திக்கு லேசாக மூக்கு ஒழுகியது. மகன் தெருமுனை மெடிக்கலுக்குப் போய், சீட்டு எதுவும் இல்லாமல் ஓர் அட்டை ஆன்டிபயாட்டிக் வாங்கி வந்துவிட்டான். கேட்டதும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். சாதாரணச் சளிக்குக் காரணம் வைரஸ், இந்த மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. உடம்பில் இருக்கும் நல்ல பாக்டீரியா சாகும், தப்பிப் பிழைத்த கெட்டது மருந்துக்குப் பழகிக்கொள்ளும், அவ்வளவுதான். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. முக்கியமான பல ஆன்டிபயாட்டிக்குகளை 2014-இலிருந்து எச்1 என்று தனிப் பட்டியலில் வைத்து, யாருக்கு விற்றார்கள் என்று பதிவேட்டில் எழுதச் சொல்லியும் இருக்கிறார்கள். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் வாங்காதே என்று 2016-இல் அரசாங்கமே பிரசாரம் செய்தது. அந்தக் கோட்டைக் காட்டினேன். "டிசைன்னு நினைச்சேம்மா" என்கிறான் இன்ஜினியர்! தரையை நாளுக்கு மூன்று தடவை லோஷன் போட்டுத் துடைக்கிற வீடு அவனுடையது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். தையல் போட்ட இடம் சிவந்தாலோ, சூடாக இருந்தாலோ, நீர் கசிந்தாலோ நீயாக மாத்திரை வாங்கிப் போடாதே. ஆறட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். அறுவை செய்த டாக்டரிடமே உடனே காட்டு. கல்ச்சர் எடுக்கச் சொன்னால், அதாவது புண்ணில் இருக்கும் கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கச் சொன்னால், ரிப்போர்ட்டை எனக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பு, படித்துச் சொல்கிறேன். தை மாதம் திருநெல்வேலியில் இவருடைய தங்கை வீட்டில் ஒரு விசேஷம் இருக்கிறது. வந்தால் ரெண்டு நாள் உன்னோடு தங்குவேன், இப்போதே மருமகளிடம் சொல்லி வை.

அன்புடன்,
கமலா