ஆலை ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் எங்கள் நிரலில் (கோப்பு முறைமை) 2038ஆம் ஆண்டு நேரக் கோளாற்றுக்குச் செய்த திருத்தங்கள் நேற்றிரவு ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டன. மின்னல் தாக்கிய பிறகு என் கணினி மேசை இருந்த நிலை உங்களில் பலருக்குத் தெரியும். அதை மறுபடி எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை.

முதல் நன்றி, பரந்தன் பக்கம் நெல் ஆலை வைத்திருக்கும் ஐயாவுக்கு. எனக்கு வேண்டியிருந்தது 32 பிட் கணினி. 64 பிட்டில் வினாடிகளை எண்ண இடம் தாராளம். பழைய நிரலின் கோளாறு அங்கே பாதி ஒளிந்துகொள்ளும். யாரிடமாவது கிடக்கிறதா என்று பொதுவாகத்தான் கேட்டேன். மறுநாள் மதியம் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் சாக்குச் சுற்றிய கணினி வந்து இறங்கியது. மூடியைத் திறந்தால் விசிறியிலிருந்து தவிடு கொட்டுகிறது. காலபோக அறுவடை நேரம், ஆலைக் கணக்கு முழுவதும் அதற்குள். பதறிப்போய்க் கேட்டேன். ஐயா ஒரு சீ.ஆர். கொப்பியைக் காட்டினார். யாருக்கு எத்தனை மூடை, யாரிடம் எவ்வளவு பாக்கி என்று இரவிரவாகக் கையால் எழுதி, ஓரத்தில் பென்சிலால் கூட்டியும் வைத்திருந்தார். "இந்தப் போகத்துக்கு இது காணும், தம்பி."

அந்தக் கணினியின் நேரத்தை 2038 ஜனவரி 19, காலை 8.44.07க்கு வைத்தோம். 1970இலிருந்து வினாடிகளை எண்ணிவரும் 32 பிட் இடம் நம் நேரப்படி நிரம்பும் கணம் அது. அடுத்த வினாடியில் பழைய நிரல் எழுதிய கோப்பு 1901ஆம் ஆண்டுக்குப் போய்விட்டது. ஐயா வாய்விட்டுச் சிரித்தார். "அப்படியென்றால் என் கடன்காரர் எல்லோரும் தப்பிவிடுவார்கள்!"

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், கோப்புக்கு நேரம் எடுத்துக்கொடுக்கும் பழைய மேக்ரோவுக்கு (குறுநிரல்) 2016இலேயே மாற்று வந்துவிட்டது. அந்த மேக்ரோவுக்கு எந்தக் கோப்பு முறைமை கேட்கிறது என்றே தெரியாது. புதிய செயற்கூறு கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் ஐநோடைப் பார்த்து, அந்த முறைமை தாங்கும் நுணுக்கத்துக்கு நேரத்தைக் கத்தரித்துக் கொடுக்கும். கெர்னலின் 5.4 பதிப்பிலிருந்து, முறைமை தாங்கும் கால எல்லையைத் தாண்டினால் நேரம் பின்னோக்கிப் பாயவும் விடாது, எல்லையிலேயே நிறுத்திவிடும். கெர்னலுக்கு வெளியே வளர்ந்த எங்கள் நிரல்தான் பழையதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தது.

வரிவரியாகப் பார்த்துக் குறைசொன்ன தூரதேசத்து நண்பர்கள், கிளிநொச்சி அறிவியல் நகர் பொறியியல் பீட மாணவர்கள், யூ.பி.எஸ். இரவல் தந்த அண்ணா, மின்வெட்டைத் திட்டிக்கொண்டே தேநீர் ஊற்றிய அம்மா, எல்லோருக்கும் நன்றி.

எல்லையில் நிறுத்துவது தீர்வல்ல என்பது தெரியும். வட்டில் வினாடிக்கு ஒதுக்கிய இடத்தையே அகலமாக்க வேண்டும். அடுத்த வேலை அதுதான். அதற்கு முன், தவிடு தட்டித் துடைத்த கணினியுடன் திங்கட்கிழமை ஆலைக்கு வருகிறேன், ஐயா. கொப்பியில் உள்ள கணக்கை நானே உட்கார்ந்து ஏற்றித் தருவேன்.