தங்கச்சிக்கு, கட்டில் வாங்க முதல்

அன்புத் தங்கச்சிக்கு,

"அக்கா, புது வீட்டில பிள்ளையளின்ர அறைக்கு என்ன தளபாடம் போடலாம், ஒரு பட்டியல் எழுதித் தா" எண்டு நேற்று ரெலிபோனில கேட்டாய். எழுதத்தான் இருந்தன். 'கட்டில்' எண்டதோட பேனையை வைச்சிட்டன். அந்த அறையில படுக்கப்போற ரெண்டு பேரையும் நீ இன்னும் ஒரு வார்த்தை கேக்கேல்லை எல்லோ. இதே கேள்வியை வேற ரெண்டு மூண்டு பேரும் என்னட்டக் கேட்டிருக்கினம், அதால இதை எல்லாரும் வாசிக்கிற மாதிரியே எழுதுறன்.

முதல்ல என்ர பிழையைச் சொல்லுறன். மூத்தவளுக்கு 7 வயசு இருக்கேக்க அவளையும் கூட்டிக்கொண்டு ரவுணுக்குப் போய், கடைக்குள்ள விட்டு "எது பிடிச்சிருக்கு?" எண்டு கேட்டம். றோஸ் நிறக் கட்டில், தலைமாட்டில இளவரசிப் படம். மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை எண்டு தெரிஞ்சும் ஓம் எண்டிட்டம். பிள்ளையைக் கேட்டு வாங்கினம் எண்டு எனக்கு ஒரே பெருமை. அந்தக் கார்த்திகை மாரிக்கே கால் அடி ஈரம் குடிச்சு உப்பிப்போச்சு. இளவரசியின்ர கன்னம் ஓரத்தால கழரத் தொடங்கிச்சுது. 9 வயசில அவள் அந்தப் படத்துக்கு மேல துவாயைப் போட்டு மறைச்சு வைச்சாள், சிநேகிதியள் வந்தால் வெக்கமாம். பிள்ளையில பிழையில்லை. நாங்கள் கேட்ட இடமும் பிழை, கேட்ட கேள்வியும் பிழை.

சின்னவன்ர முறை வந்தபோது கடைக்குப் போக முதல் வீட்டிலயே இருந்து கதைச்சம். என்ன கட்டில் வேணும் எண்டு நான் கேக்கேல்லை. "இந்த அறையில நீ என்னென்ன செய்வாய்?" எண்டு கேட்டன். நிலத்தில குப்புறப் படுத்துப் படம் கீறவேணுமாம். யன்னலால மாமரத்து அணிலைப் பாக்கவேணுமாம். அக்கா தொடாத ஒரு லாச்சி வேணுமாம். படிப்பு எண்ட சொல்லே வரேல்லை. புலமைப்பரிசில் சோதினைக்கு எண்டு பெரிய மேசையொண்டை மனசில வைச்சிருந்த இவருக்கு முகம் சுருங்கிப்போச்சு.

அறை 10 அடிக்கு 10 அடி. சோக்குக் கட்டியைக் குடுத்து, சாமானெல்லாத்தையும் சரியான அளவில நிலத்தில கீறச் சொன்னன். கட்டில் 6 அடிக்கு 3 அடி, பிறகு அலுமாரி, பிறகு அப்பாவின்ர மேசை. கீறி முடிச்சு நடுவில குப்புறப் படுத்துப் பாத்தான். கால் மேசைக்குள்ள போச்சு. எழும்பி, உள்ளங்கையால மேசையை அழிச்சுப்போட்டு, தேப்பன்ர முகத்தைப் பாத்தான். கடைசியில ஆசாரியார்தான் வழி சொன்னார்: சுவரோட மடிச்சு வைக்கிற பலகை. படிக்கேக்க விரிக்கலாம், படம் கீறேக்க மடிக்கலாம்.

யன்னல் வடக்குச் சுவரில. கட்டிலை அதோட போடுவம் எண்ட உடன மாமி எழும்பிவிட்டா. "வடக்கே தலை வைச்சுப் படுக்கிறதோ?" பெரியாக்கள் நாங்கள் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருக்க அவன் சொன்னான்: "அப்பம்மா, நான் தலையணையை மற்றப் பக்கம் போட்டால் படுத்தபடியே அணில் தெரியும்."

கேக்கிறதெல்லாத்தையும் குடு எண்டு நான் சொல்ல வரேல்லை. உன்ர பெடியன் ரெண்டு தட்டுக் கட்டில் கேக்கிறான் எண்டாய். சின்னவளுக்கு இப்பதான் 5 வயசு. 6 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையளை மேல்தட்டில படுக்க விடக்கூடாது எண்டுதான் அமெரிக்காவிலயும் ஐரோப்பாவிலயும் பாதுகாப்பு அறிவுறுத்தல். எங்கட வீடுகளில அதைவிட வில்லங்கம் மேல சுத்துற ஃபான். வாய் திறந்து வேண்டாம் எண்டு சொல்லாதை, அளவுநாடாவை அவன்ர கையில குடு. மேல்தட்டு 5 அடி, அவன்ர உயரம் 4 அடி, உங்கட ஃபான் தொங்குறது எட்டரை அடியில. கூட்டிப் பாக்கச் சொல்லு.

அலுமாரியைச் சுவரோட பூட்டுறது மட்டும் பிள்ளையளிட்டக் கேக்கிற விசயமில்லை. லாச்சியளை ஒண்டாய் இழுத்துப் படியாக்கி ஏறினால் பாரம் முழுக்க முன்னுக்கு வந்து அப்பிடியே கவிழும். பிள்ளையள் செத்த பிறகு, 2016ல, ஐக்கியா எண்ட தளபாட நிறுவனம் அமெரிக்காவில மட்டும் ஏறத்தாழ 2 கோடி 90 இலட்சம் லாச்சிப் பெட்டகங்களைத் திருப்பி எடுக்கிறதா அறிவிச்சது. ரெண்டு இரும்புக் கோணமும் நாலு திருகாணியும் தான் செலவு.

நீ குடியியல் படிப்பிக்கிறனி. ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தின்ர 12ம் உறுப்புரையை எனக்கே பாடமாய்ச் சொல்லுவாய்: பிள்ளையைத் தொடுற காரியத்தில பிள்ளையின்ர கருத்துக்கு வயசுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு. இலங்கை அதை 1991ல ஏற்றது. 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்து இடப்பெயர்வு இரவு, உனக்கும் 5 வயசுதான். ஊரே தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிட, நீ குந்தியிருக்கிற உன்ர குட்டி வாங்கைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டாய். அரிசி, அடையாள அட்டை, அப்பம்மாவின்ர மருந்து, இதுகளுக்கே கை காணாது. அப்பா அதை மெல்ல வாங்கிப் படலையடியில வைச்சார். செம்மணி தாண்டி, நாவற்குழிப் பாலத்துச் சன நெருக்கத்துக்குள்ள நிண்டும் நீ அதைத்தான் கேட்டழுதாய். 96ல திரும்பி வரேக்க வீட்டில யன்னல் கதவும் இல்லை. எல்லாரும் உள்ள போக, நீ மட்டும் படலையடியில குந்தி நிலத்தைப் பாத்துக்கொண்டிருந்தாய்.

சனிக்கிழமை பின்னேரம் ஒரு பெட்டி சோக்கோட வாறன். அதுக்கு முதல் கடைப்பக்கம் போயிடாதை. ஃபானின்ர உயரத்தையும் ஒருக்கா அளந்து வை, எட்டரை அடி எண்டது நான் கண்மட்டத்துக்குச் சொன்னது.

அன்புடன்,
அக்கா