சேகருக்கு: துப்பாக்கியை எடுக்க வரும் முன்

வில்லிவாக்கம், சென்னை - 49
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. அப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு உன் பெயரில் லைசென்ஸ் வந்துவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அவர் காலமானதும் அதைப் பரணில் ஏற்றி வைக்காமல் இங்கே சென்னையில் துப்பாக்கிக் கடை டீலரிடம் ஒப்படைத்தாயே, அதுதான் சரி. லைசென்ஸ் இல்லாதவர் கையில் துப்பாக்கி தங்கக் கூடாது, தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலேயே இருக்கிறது. பல வீடுகளில் இது தெரியாமல் வருஷக்கணக்கில் பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது. இங்கே எல்லாரும் நலம். மழை விட்டு மூன்று நாள் ஆகியும் தெரு இன்னும் காயவில்லை.

சென்னையிலிருந்து மதுராந்தகம் வரை காரில் எப்படிக் கொண்டு போவது என்று கேட்டிருந்தாய். பயணத்தில் அவ்வளவு ஆபத்து இல்லை, சேகர். பெட்டியில் வைக்கும்போதும், பெட்டியிலிருந்து எடுக்கும்போதும், துடைக்க உட்காரும்போதும்தான் வெடிக்கிறது. அதுவும் "காலியாத்தான் இருக்கு" என்று ஒருவர் சொல்லி இன்னொருவர் வாங்கிய துப்பாக்கிதான் அநேகமாக வெடிக்கும். கடைக்காரர் திறந்து காட்டியிருந்தாலும் உன் கைக்கு வந்ததும் நீ ஒரு முறை திறந்து பார். தப்பாக நினைக்க மாட்டார். தொழில் தெரிந்தவர் அதை எதிர்பார்ப்பார்.

உன்னுடையது 12 போர். போர் என்பது குழலின் அகலம், எண் கூடினால் குழல் சிறுக்கும். குழல் வாயை ஆள் இல்லாத பக்கம் தரையை நோக்கி வைத்து, விரலை ட்ரிகர் (விசை) வளையத்துக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டு, மேல் லீவரைத் தள்ளி மடக்கித் திற. தோட்டா உட்காரும் அறைதான் சேம்பர், இரண்டு சேம்பரையும் கண்ணால் பார். பிறகு சுண்டு விரலை இரண்டிலும் விட்டுத் தடவு. வெளிச்சம் குறைவான இடத்தில் கண் ஏமாறும், விரல் ஏமாறாது. அடுத்து குழலுக்குள் பார். பின்பக்கம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, வாய்ப் பக்கமிருந்து பார்த்தால் இரண்டு குழலும் கண்ணாடி மாதிரி வட்டமாகத் தெரிய வேண்டும். மாதக்கணக்கில் அலமாரியில் நின்ற துப்பாக்கியில் குளவி மண் கூடு கட்டியிருப்பது நம் ஊரில் சாதாரணம். சுண்டைக்காய் அளவு மண் போதும், சுடும்போது குழல் அந்த இடத்தில் வீங்கும் அல்லது கிழியும். துடைக்கும் துணி உள்ளே சிக்கியிருந்தாலும் இதே கதிதான்.

கண்ணுக்குத் தெரியாமல் குழல் அடைபடும் இன்னொரு விதத்தைக் கவனமாகப் படி. உங்கள் வீட்டில் சித்தப்பாவின் 20 போர் தோட்டாக்களும் கிடந்தன என்று எழுதியிருந்தாய். 20 போர் தோட்டா 12 போரின் சேம்பரில் நிற்காது, வழுக்கிக்கொண்டு உள்ளே போய், சேம்பர் குறுகும் இடத்தில் சிக்கிக்கொள்ளும். பின்னாலிருந்து பார்த்தால் சேம்பர் காலியாகத்தான் தெரியும். சுடுகிறவர், தோட்டா போட மறந்துவிட்டோம் என்று நினைத்து 12 போர் தோட்டாவைப் போட்டு விசையை இழுத்தால், முன்னால் இருப்பதும் சேர்ந்து வெடித்து இடது கை இருக்கும் இடத்தில் குழல் பிளக்கும். 20 போர் தோட்டா மஞ்சள் நிறத்தில் வருவதே இதற்காகத்தான். அந்த மஞ்சள் தோட்டாக்களை உன் பெட்டிப் பக்கமே கொண்டு வராதே. தோட்டாவின் நீளத்தையும் பார். குழலின் அடியில் சேம்பர் அளவு பொறித்திருக்கும். பழைய துப்பாக்கியில் 65 மில்லிமீட்டராக இருக்கலாம். அதில் 70 மில்லிமீட்டர் தோட்டாவைப் போட்டால் மூடிக்கொள்ளும். ஆனால் வெடிக்கும்போது தோட்டாவின் மடித்த வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.

அப்பா காலத்துத் தோட்டாக்கள் உப்பியிருந்தாலோ, பித்தளையில் பச்சை பூத்திருந்தாலோ சுட்டுப் பார்க்க ஆசைப்படாதே. குப்பையில் போடுவதும் புதைப்பதும் கூடாது. எண்ணிக்கையோடு டீலரிடம் கொடுத்து ரசீது வாங்கு.

இனி பெட்டி. இரட்டைக் குழலின் பெரிய வசதி, மூன்றாகப் பிரியும். முதலில் குழலுக்கு அடியில் இருக்கும் முன் கட்டையைக் கழற்று. பிறகு இடது கையால் குழலைத் தாங்கிக்கொண்டு லீவரைத் தள்ளு. தாங்காவிட்டால் குழல் கொக்கியிலிருந்து விழுந்து கிரானைட் தரையில் வாய் நசுங்கும். பிரிந்த துப்பாக்கி சுடாது என்பதால் பயணத்துக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. பிரித்த பிறகு, ஸ்பிரிங் தளரட்டும் என்று சிலர் ட்ரிகரை இழுத்துவிடுவார்கள். அதைச் செய்யாதே. வெளியே சுத்தியல் (தோட்டாவை வெடிக்க வைக்கும் அடி) தெரியாத துப்பாக்கியில் அப்படி இழுத்தால் உள்ளே சுத்தியல் இறங்கிவிடும், திரும்பச் சேர்க்கும்போது குழல் உட்கார அடம்பிடிக்கும். அப்போது பலவந்தம் பண்ணி எதையாவது உடைப்போம். தளர்த்தத்தான் வேண்டும் என்றால் வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியைச் சேர்த்தபின், மருந்தில்லாத போலித் தோட்டா போட்டுத் தளர்த்து. சேஃப்டியை (தவறிச் சுடாமல் தடுக்கும் பொத்தானை) நம்பி, பிரிக்காத துப்பாக்கியைக் காரில் வைக்காதே. பல இரட்டைக் குழல்களில் அது ட்ரிகரை மட்டும்தான் தடுக்கும், சுத்தியலைப் பிடித்திருக்கும் கொண்டியைத் தடுக்காது. பலமான இடியில் கொண்டி நழுவலாம்.

குழல் 30 அங்குலம் என்றால் பெட்டி 32 அங்குலமாவது இருக்கட்டும், பூட்டு இருக்கட்டும். பூட்டிய பெட்டி டிக்கியில் போகட்டும். தோட்டா வேறு டப்பாவில், வேறு பூட்டில். இரண்டு சாவியும் உன் சட்டைப் பையில், டிரைவரிடம் வேண்டாம். டாஷ்போர்டு அறை, சீட்டுக்கு அடியில் என்று எங்கேயும் தோட்டாவைச் செருகாதே. சித்திரை வெயிலில் மூடிய காரில் கிடந்தால் தோட்டா தானாக வெடித்துவிடாது, ஆனால் மருந்து நாளாவட்டத்தில் கெடும்.

உன் மச்சானின் .32 பிஸ்டலும் அதே காரில் வரும் என்றாயே. அவருக்கு இதைப் படித்துக் காட்டு. பிஸ்டலில் முதலில் மேகசினை (தோட்டா அடுக்கிய பெட்டியை) வெளியே எடுக்க வேண்டும், பிறகுதான் ஸ்லைடை (மேலே நகரும் பாகத்தை) இழுக்க வேண்டும். வரிசை மாறினால் சேம்பரிலிருந்து ஒரு தோட்டா வெளியே குதிக்கும், ஸ்லைடு திரும்பும்போது மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிக்கொள்ளும். குதித்த தோட்டாவைப் பார்த்தவர் காலியாகிவிட்டது என்று நம்பி விசையை இழுப்பார். ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, சேம்பரில் விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் காலி.

இதையெல்லாம் செய்யும் இடம் முக்கியம். அடுக்கு மாடி வீட்டில் ஆபத்தில்லாத திசை என்று ஒன்று கிடையாது. மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம், நடுவில் நாலரை அங்குலச் சுவர். டைல்ஸ் தரையில் பட்டது தெறிக்கும். தரைத்தளத்தில் ஒரு பெரிய வாளி நிறைய ஒன்றரை அடி ஆழத்துக்குக் காய்ந்த மணலை இறுக்கி வைத்து, அதை நோக்கித்தான் திறந்து பார்க்க வேண்டும்.

லைசென்ஸ் விஷயம் சுருக்கமாக. ஒரிஜினல் புத்தகம் கையில் இருக்கட்டும், செராக்ஸ் போதாது. துப்பாக்கியில் பொறித்த நம்பரும் புத்தகத்தில் உள்ள நம்பரும் ஒன்றா என்று கடையிலேயே ஒத்துப் பார். உனக்குக் கொடுத்தது செங்கல்பட்டு கலெக்டர். சென்னை நகருக்குக் கமிஷனர் அதிகாரி. உன் லைசென்ஸ் எந்த எல்லைக்குச் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும், சென்னை அதற்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பு. பரனூர் டோல்கேட் பக்கம் போலீஸ் நிறுத்தினால், "டிக்கியில் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கு சார், பிரித்து வைத்திருக்கு" என்று முதலிலேயே சொல். புத்தகத்தை நீட்டு. அவர்கள் சொல்லும்வரை டிக்கியைத் திறக்க இறங்காதே.

வீட்டுக்குப் போனதும் தோல் உறையில் வைத்து மூடிவிடாதே. தோல் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும், ஒரு மழைக்காலத்தில் குழலில் துரு புள்ளி வைக்கும். மெல்லிய எண்ணெய் தடவி, குழல் வாய் கீழே இருக்கும்படி நிறுத்தினால் எண்ணெய் கட்டைக்குள் இறங்காது. தோட்டாவில் மட்டும் எண்ணெய் படக் கூடாது, பிரைமருக்குள் (தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் மூடிக்குள்) ஊறினால் வெடிக்காமல் போகும். அப்படி விசை இழுத்தும் வெடிக்காவிட்டால் உடனே மடக்கித் திறக்காதே. குழலை அதே திசையில் பிடித்தபடி முப்பது விநாடி பொறு, தாமதித்து வெடிப்பதும் உண்டு.

ஆயுத பூஜைக்கு அதைப் பூஜையில் வைப்பது உங்கள் வீட்டு வழக்கம், தெரியும். தாராளமாக வை. குழலைத் தனியாகக் கழற்றி வை, தோட்டா அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். சந்தனம் ஈரம், அன்று இரவே துடைத்துவிடு. பொட்டைக் கட்டையில் வை, ட்ரிகர் பக்கம் குங்குமம் கொட்ட வேண்டாம். பேரப்பிள்ளைகள் போட்டோவுக்குப் பிடித்துப் பார்க்கிறோம் என்று கேட்பார்கள், மறுத்துவிடு. விசேஷத்தில் வானத்தைப் பார்த்துச் சுடும் பேச்சும் வரும். மற்றவர் உயிருக்கு ஆபத்தாகும்படி அப்படிச் சுட்டால் ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பக்கவாட்டில் போனால் தோட்டாவுக்குள் இருக்கும் சின்ன ஆறாம் நம்பர் ரவையே 200 மீட்டர் போகும், பெரிய எஸ்.ஜி. ரவை 600 மீட்டரைத் தாண்டும்.

சனிக்கிழமை வருகிறாய் அல்லவா. சாப்பாடு நம் வீட்டில்தான், ஆனால் கடைக்குப் போகும் முன். துப்பாக்கியை வாங்கிக்கொண்டு இங்கே வந்தால் காரைத் தெருவில் விட்டு மாடி ஏற வேண்டியிருக்கும், அது வேண்டாம். பதினோரு மணிக்கு வந்துவிடு. சாப்பிட்டுவிட்டுப் போய் வாங்கிக்கொண்டு, வழியில் எங்கும் இறங்காமல் நேரே ஊருக்குப் போய்விடலாம். பெட்டி இல்லாவிட்டால் போன் பண்ணு, என்னுடையதைத் துடைத்து வைக்கிறேன்.

உன்,
கணேசன்