தகட்டில் 38, சுற்றியது 76

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய லேத் (உலோகத்தைச் சுற்றவிட்டுக் கடையும் இயந்திரம்) ஒன்றைத் துரு நீக்கி மறுபடி ஓட வைத்தவரைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. பெயிண்ட், பளபளக்கும் கைப்பிடிகள், துடைத்து எண்ணெய் பூசிய பெட் (லேத்தின் நீண்ட அடித்தளம்) எல்லாம் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. ஆனால் ஒரு முழுப் பக்கத்தில் அந்த ஸ்பிண்டில், அதாவது வேலைத்துண்டைச் சுற்றவைக்கும் தண்டு, எத்தனை ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) சுற்றுகிறது என்று ஒரு வரி கூட இல்லை. புது மோட்டார் மாட்டினார், ஓடியது, அவ்வளவுதான். நானும் என் லேத்தை அப்படித்தான் முடித்துவைத்தேன், அப்புறம் பல மாதம் அவதிப்பட்டேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

என்னுடையது தட்டை பெல்ட் போட்ட பழைய இயந்திரம். மூன்று படி புல்லி, கூடவே வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டும் பேக் கியர், ஆக மொத்தம் ஆறு வேகம். ஹெட்ஸ்டாக்கில் (ஸ்பிண்டில் இருக்கும் தலைப்பகுதி) அறைந்திருந்த பித்தளைத் தகட்டில் மிகக் குறைந்தது 38, மிக அதிகம் 650 என்று இருந்தது. எனக்கு விற்றவர் மோட்டாரை ஏற்கனவே மாற்றியிருந்தார், அந்த மோட்டாரின் தகட்டின் மேல் யாரோ தாராளமாகப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். நான் அதைச் சுரண்டிப் பார்க்கவில்லை. ஹெட்ஸ்டாக்கைப் பிரித்தேன், மண்ணெண்ணெயில் கழுவினேன், எண்ணெய்த் திரிகளை மாற்றினேன், ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்காக இருந்தது. (பெட்டை மட்டும் உப்புத்தாளால் தேய்க்கவில்லை, அதில் உள்ள ஸ்கிரேப்பிங் தடங்கள் அழிந்தால் எண்ணெய் நிற்காது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதையும் உலர்வாகத் தேய்க்கவில்லை. இவ்வளவு கவனமாக இருந்தவன்தான் மோட்டாரில் கோட்டை விட்டேன்.)

ஓட ஆரம்பித்ததும் ஸ்பிண்டிலைத் தாங்கும் ஒயிட் மெட்டல் பேரிங் சூடேறியது. எண்ணெய் சரியில்லை என்று நினைத்து எண்ணெயை மாற்றினேன், பேரிங்கின் இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் தகடு ஒன்றைக் கூட்டினேன், குறைத்தேன். டூல் முனை வேறு சீக்கிரம் மழுங்கியது. ஹைஸ்பீட் ஸ்டீல் டூலுக்குச் சாணை பிடிக்கத் தெரியவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். வேகத்தின் மேல் சந்தேகமே வரவில்லை, அதற்கு ஒரு காரணம் உண்டு: மரை வெட்டினால் மரை சரியாக வந்தது. மரையின் பிட்ச் ஸ்பிண்டிலுக்கும் டூலை நகர்த்தும் லீட்ஸ்க்ரூவுக்கும் நடுவில் இருக்கும் பற்சக்கரங்களின் கணக்கு, ஸ்பிண்டில் மெதுவாகச் சுற்றினாலும் வேகமாகச் சுற்றினாலும் அது மாறாது. அதனால் இயந்திரம் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் வேறு ஏதோ வேலைக்காகப் பேக் கியரில் மெதுவாக ஓடவிட்டு, வேலைத்துண்டைப் பிடிக்கும் சக்கில் சாக்பீஸால் கோடு போட்டு, சும்மா எண்ணினேன். ஒரு நிமிடத்தில் 76. மறுபடி எண்ணினேன், அதே 76. பிறகுதான் மோட்டார் தகட்டைச் சுரண்டினேன். 2880 என்று இருந்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டார் சுமையோடு ஏறக்குறைய 1440 சுற்றும், இரண்டு துருவ மோட்டார் அதைப்போல் இரு மடங்கு. அப்படியானால் உச்ச வேகம் 650 இல்லை, 1300. 25 மில்லிமீட்டர் மைல்ட் ஸ்டீல் தண்டை நிமிடத்துக்கு 30 மீட்டர் வெட்டுவேகத்தில் கடைகிறேன் என்று நினைத்துக்கொண்டு 60 மீட்டரில் கடைந்திருக்கிறேன். பாவம் அந்த டூல் என்ன செய்யும்!

டூல் போனால் இன்னொன்று வாங்கலாம். சக் அப்படி இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் சக்கின் ஜாக்களை (பிடிக்கும் தாடைகளை) வெளியே இழுக்கும் விசை நான்கு மடங்காகும், பிடி தளரும். பழைய வார்ப்பிரும்புச் சக்குகள் பலவற்றில் அதிகபட்ச வேகம் எதுவும் குறித்திருக்காது, அந்தக் காலத்து லேத் எந்த வேகத்தில் ஓடியதோ அதை வைத்துத்தான் செய்திருப்பார்கள். அதனால் வேகத்தை அளக்காமல் ஓட்டுவது வீண் வம்பு.

அளப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பேக் கியரில் வரும் குறைந்த வேகங்களுக்குச் சாக்பீஸும் கடிகாரமும் போதும். பேக் கியரின் விகிதத்தைப் பற்களை எண்ணியே கண்டுபிடிக்கலாம்: என் லேத்தில் 25 பல் 60 பல்லை ஓட்டுகிறது, அதோடு சேர்ந்த 25 பல் இன்னொரு 60 பல்லை ஓட்டுகிறது, 2.4ஐ 2.4ஆல் பெருக்கினால் 5.76. பேக் கியரில் 38 என்றால் அதே புல்லிப் படியில் நேராக ஓடும்போது 219 வர வேண்டும். தகட்டிலும் அதே 219 இருந்தால் தகடு அந்த இயந்திரத்துடையதுதான் என்று ஓரளவு நம்பலாம், வேறு லேத்தின் தகட்டை மாட்டியிருக்கவில்லை.

வேகமான படிகளுக்கு லேசர் டேக்கோமீட்டர் (சுற்றுகளை எண்ணும் கருவி) வைத்துக்கொள்ளலாம். அதற்காகச் சக்கில் ஒட்டும் பளபளப்புத் துண்டு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், பக்கத்தில் சக்கின் ஜா மின்னினால் அதையும் சேர்த்து எண்ணிவிடும். டேக்கோமீட்டர் இல்லாதவர்களுக்குப் பழைய கிராமபோன்காரர்களின் வழி இருக்கிறது. சோக் போட்ட பழைய டியூப்லைட் 50 ஹெர்ட்ஸில் நொடிக்கு 100 முறை மினுங்கும், அதனால் அட்டை வட்டத்தில் சம இடைவெளியில் 12 கோடு வரைந்து ஸ்பிண்டிலில் ஒட்டினால் 500 ஆர்.பி.எம்.மில் கோடுகள் அப்படியே நிற்பது போல் தெரியும், 9 கோடு என்றால் 667இல். 6000ஐக் கோடுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 7200ஐ. வேகத்தின் பாதியிலும் இரட்டிப்பிலும் ஏறக்குறைய இதே காட்சி தெரிந்து ஏமாற்றும், எனவே முதலில் சாக்பீஸ் கணக்கு, அப்புறம் இது. மினுங்காத எல்.இ.டி. விளக்கில் இது வேலை செய்யாது. இன்னொன்று, இதே காரணத்தால் டியூப்லைட் அடியில் சுற்றுகிற சக் நிற்பது போலவே தெரியக்கூடும், கையை நீட்டும் முன் மோட்டாரின் சத்தத்தைக் கேளுங்கள்.

நான் என்ன செய்தேன் என்றால், மோட்டார் புல்லியைப் பாதியாக்கலாமா என்று முதலில் யோசித்தேன். புல்லி சிறிதானால் பெல்ட் அதைச் சுற்றிப் பிடிக்கும் பரப்பு குறைந்து நழுவும், எனவே மோட்டாரையே 1440க்கு மாற்றிவிட்டேன். இப்போது குறைந்த வேகம் 37, உச்ச வேகம் 640. அந்தச் சின்னக் குறை பெல்ட் நழுவல், அதை நான் பொருட்படுத்தவில்லை. பேரிங் இப்போது வெதுவெதுப்போடு நிற்கிறது.

வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) மாட்டிக்கொண்டால் எந்த வேகமும் கிடைக்குமே, பேக் கியர் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேகம் குறையும், ஆனால் பேக் கியர் தருவது போல் திருப்பும் வலு அதிகரிக்காது. மோட்டாரின் விசிறியும் சேர்ந்து மெதுவாவதால் மோட்டார் சூடாகும். மரை போட்டு மாட்டிய சக்கில் வி.எஃப்.டி. பட்டென்று பிரேக் போட்டால் சக் கழன்றே வரலாம். பெரிய விட்டத்தைக் கடைய எனக்குப் பேக் கியர்தான்.

கட்டுரையில் வந்த நண்பரிடம் நீங்கள் திரும்பப் பேசினால், பேக் கியர் போட்டு, மிகக் குறைந்த படியில் ஒரு நிமிடம் எண்ணி, வந்த எண்ணையும் மோட்டார் தகட்டில் உள்ள எண்ணையும் உங்களுக்கு எழுதச் சொல்லுங்கள். படங்களைப் பார்த்ததில் அந்த மோட்டார் தகட்டின் மேலும் பச்சைப் பெயிண்ட் அடித்திருப்பது போலத்தான் எனக்குத் தெரிகிறது.

இப்படிக்கு,
ஒரு லேத் பைத்தியம்