வெயிலுக்குப் புதியவர்கள்

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். வெளிநாட்டிலிருந்து கட்டுமான வேலைக்குப் புதிதாக வரும் ஆட்களுக்கு நீ எழுதிய பாதுகாப்புத் திட்டத்தைப் படித்தேன். சாரம், பெல்ட், ஹெல்மெட் எல்லாம் சரி. வெயிலுக்கு மட்டும் "நிறையத் தண்ணீர் குடிக்கவும்" என்று ஒரே வரி. அது போதாது.

வேலையிடத்தில் வெப்பத்தால் இறப்பவர்களில் பெரும்பாலோர் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே போய்விடுகிறார்கள். "நான் வெயிலில் வளர்ந்தவன்" என்பவனுக்கும் விலக்கில்லை. விசாவுக்குக் காத்து வீட்டில் உட்கார்ந்திருந்த வாரங்களில் அந்தப் பழக்கம் உடலை விட்டுப் போயிருக்கும். சீக்கிரம் வியர்க்கவும் வியர்வையில் உப்பை மிச்சம் பிடிக்கவும் உடல் மறுபடி பழக 7 முதல் 14 நாள் ஆகும்.

அதனால் புதியவருக்கு முதல் நாள் 20 சதவீதம்தான் வெயில் வேலை. 8 மணி நேர ஷிஃப்டில் ஒன்றரை மணி நேரம். பிறகு தினமும் 20 சதவீதம் கூட்டு. வேலை தெரிந்தவர் லீவு முடிந்து திரும்பினால் முதல் நான்கு நாட்களுக்கு முறையே 50, 60, 80, 100 சதவீதம். மீதி நேரத்துக்கு நிழலில் வேலை கொடு, சம்பளத்தைப் பிடிக்காதே. ஏஜென்டுக்குக் கடன் வைத்து வந்தவன், கூலி குறையும் என்றால் மயங்கி விழும்வரை வாய் திறக்க மாட்டான். சம்பளம் குறையாது என்ற இந்த ஒரு வரி இல்லையென்றால் அட்டவணை வெறும் காகிதம்.

தண்ணீர் 15–20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், சுமார் 240 மில்லி. மணிக்கு சுமார் 1.4 லிட்டரைத் தாண்டினால் ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே ஆபத்து. கழிப்பறை தூரத்தில் இருந்தால் யாரும் குடிக்க மாட்டார்கள், அதையும் பார். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைகிறது என்று சந்தேகப்படு, உடனே மருத்துவமனை.

நிழலில் தொங்கும் தெர்மாமீட்டரை நம்பாதே. ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் டபிள்யூ.பி.ஜி.டி. மீட்டர் வாங்கு. கத்தாரின் 2021 விதிப்படி அது 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வெளிவேலை நிற்க வேண்டும்.

உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறும் ஹீட் ஸ்ட்ரோக்கில் வியர்வை நின்றிருக்கும் என்று காத்திருக்காதே, வியர்த்துக்கொண்டே இருக்கும்போதும் வரலாம். பேச்சுக் குழறல், தடுமாற்றம்தான் அடையாளம். ஆனால் தனக்குத் தெரியாத பாஷையில் ஒருவன் உளறுவது ஃபோர்மேனுக்கு எப்படிப் புரியும்? ஒவ்வொரு புதியவரோடும் அவர் பாஷை பேசும் ஒருவரைச் சேர்த்து விடு.

விழுந்தால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை குளிர்வித்துக்கொண்டே இரு. சட்டையைக் கழற்றி ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார வை, தலையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். தொட்டி இல்லையென்றால் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதே. பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

திருத்திய அட்டவணையை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்