மூன்று டாக்டர், மூன்று பெயர்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அவருக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிசியோதெரபிக்குக் கிளம்பச் சொன்னால்தான் தினமும் ஒரு சாக்கு. பெரியவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. சின்னவளைப் பற்றிக் கீழே சொல்கிறேன், நீ கேட்டதற்கு அதுதான் பதில்.

உன் மகன் கார்த்திக்குக்கு ஒரு டாக்டர் டிப்ரெஷன், அதாவது மனச்சோர்வு என்கிறார், இன்னொருவர் கவனம் நிற்காமல் அலைபாயும் ஏடிஹெச்டி என்கிறார், இப்போது மூன்றாமவர் மனநிலை சில காலம் மிக உற்சாகமாகவும் சில காலம் மிகச் சோர்வாகவும் மாறுகிற பைபோலாராக இருக்கலாம் என்கிறார். யாரை நம்புவது என்கிறாய். மூவரும் அன்றைக்குக் கண்ணில் பட்டதைச் சொல்லியிருப்பார்கள். எரிச்சல், தூக்கக்கேடு, படிப்பில் மனம் நிற்காதது எல்லாம் இந்த மூன்றிலுமே வரும். இந்த வயதில் டிப்ரெஷன்கூட அழுகையாக வராமல் கோபமாகவே வரலாம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சொல்லவும் முடியாது. எப்போது தொடங்கியது, எப்படிப் போய்ப் போய் வருகிறது என்பதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். அது உனக்குத்தான் தெரியும்.

ஏடிஹெச்டி என்றால் 12 வயதுக்கு முன்பே அடையாளம் இருந்திருக்க வேண்டும். அவனுடைய பழைய ரிப்போர்ட் கார்டுகளில் ஆசிரியர்கள் எழுதியதைத் தேடிப் பார். பைபோலார் என்றால், குறைந்தது 4 நாளாவது தொடர்ந்து தூக்கம் குறைந்தும் களைப்பே இல்லாமல், வழக்கத்துக்கு மாறான வேகத்தில் இருந்தானா? ஒரே நாளில் பத்துத் தடவை மூஞ்சி மாறுவது வேறு விஷயம். உன் சித்தப்பாவுக்கு வந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடு. குடும்பத்தில் பைபோலார் இருந்தால், டிப்ரெஷன் மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுக்க டாக்டர் யோசிப்பார்; சிலருக்கு அது மனநிலையை எதிர்ப்பக்கம் தூக்கிவிடும். மாமியார் காதில் விழுமே என்று தயங்காதே.

எங்கள் வீட்டில் நடந்ததைக் கேள். சின்னவளுக்கு முதலில் டிப்ரெஷன் என்றுதான் சொன்னார்கள். வீட்டுப்பாடம் முடிக்க மாட்டாள், பள்ளியில் சோம்பேறி என்று பெயர். ஒருநாள் அவள் கணக்கு நோட்டைப் பிரித்தால், ஒரே வரியை எழுதி அழித்து, எழுதி அழித்து, தாளே கிழிந்து ஓட்டையாகியிருந்தது. நோட்டையே டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "வேண்டாம் என்றாலும் திரும்பத் திரும்ப வருகிற எண்ணம் ஏதாவது உண்டா?" என்று அவளிடம் கேட்டிருக்கிறார். அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. 7 என்ற எண்ணைச் சரியாக எழுதாவிட்டால் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமாம். ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, அந்தப் பயம் அடங்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிற நோய். வெட்கத்தில் பிள்ளைகள் தாங்களாக வாய் திறக்க மாட்டார்கள் என்றார்.

பெயர் மாறியதும் சிகிச்சையும் மாறியது. பயத்தை வரவிட்டு, அழிக்காமல் பொறுத்துக்கொள்ளப் பழக்குகிறார்கள். "ஒன்றும் ஆகாது" என்று நாங்கள் சமாதானம் சொல்வதே ஓசிடிக்குத் தீனியாம்! தாயாக அதைச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? மாத்திரை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கவே 12 வாரம்வரை ஆகலாம் என்றார். இப்போது அவள் நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்கிறது, அப்படியே விட்டுவிடுகிறாள்.

உடனே கார்த்திக்குக்கும் ஓசிடி என்று நீயே முடிவு கட்டிவிடாதே. தைராய்டும் ரத்தசோகையும் பார்த்தாயிற்றா? அப்புறம், குழந்தைகள் மனநல மருத்துவர் ஒருவரைப் பிடித்து, முந்தைய சீட்டுகள் அத்தனையையும் காட்டி, அவரிடமே கொஞ்ச காலம் தொடர்ந்து போ. ஒவ்வொரு சந்திப்பிலும் அவன் தனியாகப் பேச நேரம் கேள். நீ பாதி வரியில் விட்ட விஷயம், சாக வேண்டும் போலிருக்கிறதா என்பது, அவனிடம் நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்காதே, அன்றே அழைத்துப் போ.

அவனுக்கு எப்போது தொடங்கியது, எப்படி வந்து போகிறது என்பதைத் தேதிவாரியாகக் குறித்து வைத்து எனக்கும் அனுப்பு. இருவரும் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
வசந்தா