ப்ரொஜெக்டரை அப்புறம் போடு

சாட்ஸ்வொர்த், டர்பன்
சனிக்கிழமை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். புரட்டாசி பிறந்துவிட்டது. வீட்டில் கறி, மீன் எல்லாம் நிறுத்தியாச்சு. உன் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பருப்பும் கீரையும் சாப்பிடுகிறார். டூ-பாட், அதாவது ஓய்வுக்காலச் சேமிப்பை இரண்டு பானையாகப் பிரிக்கிற முறை பற்றியும் லீவு பற்றியும் உன் கிடங்கு ஆட்களிடம் பேச, நீ தயாரித்து வாட்ஸப்பில் அனுப்பிய ஸ்லைடுகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். சாவகாசமாகப் படி.

ஸ்லைடுகள் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. முதலில் தலைப்பு, அடுத்து இன்றைக்குப் பேசப்போவது என்ன, அதற்கடுத்து சட்டம் வந்த வரலாறு. டூ-பாட் விஷயம் ஏழாவது ஸ்லைடில்தான் தலைகாட்டுகிறது. உன் மிட்ராண்ட் கிடங்கில் பெட்டி தூக்குகிற மனுஷர் அந்த ஏழாவது ஸ்லைடு வரும்வரை எதைக் கேட்டுக்கொண்டு இருப்பார்? "என் பணத்துக்கு என்ன ஆகப்போகிறது?" என்று அவர் மனசு போடுகிற சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு இருப்பார். விற்பனைப் பிரிவுக்காரர் மைக்கைப் பிடித்தால் ஜனங்கள் கொட்டாவி விடுவார்கள். எச்.ஆர். ஆள் பிடித்தால் வயிற்றைக் கலக்கும். நாம் வாயைத் திறந்தால் சம்பளம், லீவு, வேலை இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் கைவைக்கப் போகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தக் கலக்கத்துக்கு முதலில் பதில் சொல்லு. ப்ரொஜெக்டரை அப்புறம் போடலாம். "உங்கள் சம்பளத்தில் பிடிக்கிற தொகை மாறவில்லை. அது போய்ச் சேருகிற இடம்தான் இரண்டாகியிருக்கிறது" என்று சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இரு. அதற்குப் பிறகு நீ சொல்வதெல்லாம் காதில் ஏறும்.

அப்புறம் கணக்கு. "சேமிப்புக் கூறு 33.33 சதவீதம், ஓய்வுக்காலக் கூறு 66.67 சதவீதம்" என்று போட்டிருக்கிறாய். வங்கிக்காரனுக்கு அது போதும். இவர்களுக்கு ராண்டில் சொல்லு. மாதம் 900 ராண்ட் ஃபண்டுக்குப் போகிறதா? 300 சேமிப்புப் பானைக்கு, 600 ஓய்வுப் பானைக்கு. 2024 செப்டம்பர் 1 முதல் இப்படித்தான். சேமிப்புப் பானையிலிருந்து ஒரு வரி ஆண்டுக்கு ஒரு தடவை எடுக்கலாம், குறைந்தது 2,000 ராண்டாவது இருக்க வேண்டும். வரி ஆண்டு மார்ச் 1-ல் தொடங்குகிறது என்பதையும் சொல்லு. ஜனவரி 1 என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைத்துக்கொண்டு இருப்பார்கள். ஓய்வுப் பானையை வேலையை விட்டாலும் உடைக்க முடியாது. 2024 செப்டம்பர் 1-க்கு முன்னால் சேர்ந்த பணத்தில் பத்தில் ஒரு பங்கு, அதிகபட்சம் 30,000 ராண்ட், ஒரே ஒரு தடவை சேமிப்புப் பானைக்கு மாறியது, மிச்சத்துக்குப் பழைய விதியே நிற்கிறது. இந்தக் கடைசி வரியைப் பெரிய எழுத்தில் போடு. பணத்தைப் பூட்டப் போகிறார்கள் என்ற வதந்தியை நம்பி, நல்ல வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள்.

எடுக்கிற பணத்துக்கு வரி உண்டு என்பதை அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறாயே, அது எனக்குப் பிடிக்கவே இல்லை. அதுதான் சண்டை வருகிற இடம். 18 சதவீத அடுக்கில் இருப்பவர் 6,000 ராண்ட் கேட்டால் 1,080 வரிக்குப் போய்விடும். மிச்சம் 4,920. அதிலும் ஃபண்டின் கட்டணம் தனியாகக் கழியும், வரித்துறையான சார்ஸுக்குப் பழைய பாக்கி இருந்தால் அதையும் பிடித்துக்கொள்வார்கள். இந்த ஒரு கணக்கை ஸ்லைடில் போடாதே, வெள்ளைப் பலகையில் மார்க்கரால் எழுது. நீ கழிப்பதை அவர்களும் மனசுக்குள் கழித்துப் பார்ப்பார்கள். கூட்டத்தில் வயசானவர்கள் இருந்தால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடு. 2021 மார்ச் 1 அன்றைக்கு 55 வயது நிரம்பி, அதே ப்ராவிடன்ட் ஃபண்டில் தொடர்கிறவர்கள், தாங்களாக விரும்பிச் சேர்ந்திருந்தால் ஒழிய இந்த முறைக்குள் வரமாட்டார்கள். அதைச் சொல்லாமல் விட்டால், தனக்குச் சம்பந்தமில்லாத விஷயத்தைக் கேட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

கேள்விகள் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அதில்தான் நம் தொழில் இருக்கிறது. நான் தையல் தொழிற்சாலையில் பர்சனல் ஆபீஸில் இருந்த காலத்தில், ஃபண்ட் நிர்வாகம் செய்கிற ஒரு கம்பெனியிலிருந்து ஒருத்தர் வந்து பேசினார். கோட்டு, டை, பெரிய லேப்டாப். காலர் தைக்கிற ஒரு அம்மா, கழுத்தில் அளவு நாடா தொங்க, எழுந்து நின்று "நான் செத்துப்போனால் பணம் யாருக்குப் போகும்? வேறு வீடு வைத்துக்கொண்ட என் புருஷனுக்கா, என் பிள்ளைகளுக்கா?" என்று கேட்டார். மனுஷர் சிரித்துக்கொண்டே "கேள்விகள் கடைசியில்" என்றார். அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். கடைசியில் "யாருக்காவது கேள்வி உண்டா?" என்று கேட்டபோது ஒரு கை எழவில்லை. அடுத்த வாரம் முழுக்க என் மேஜைக்கு முன்னால் வரிசை.

அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது. ஓய்வூதிய நிதிச் சட்டத்தின் 37சி பிரிவுப்படி, யாருக்கு எவ்வளவு என்பதை ஃபண்டின் அறங்காவலர்கள், இறந்தவரை நம்பி இருந்தவர்கள் யார் யார் என்று விசாரித்துத்தான் முடிவு செய்வார்கள். நாம் நிரப்பிக் கொடுக்கிற நாமினேஷன் படிவம் அவர்களுக்கு ஒரு வழிகாட்டி, அவ்வளவுதான். ஆகவே, "படிவத்தில் எல்லாப் பிள்ளைகள் பெயரையும் எழுதுங்கள், குடும்பத்தில் மாற்றம் வந்தால் புதிய படிவம் கொடுங்கள்" என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. நீ கேள்வியைக் கடைசிக்குத் தள்ளாதே. எழும்போதே வாங்கிக்கொள். பதில் தெரியாவிட்டால், எல்லாரும் பார்க்கப் பலகையின் ஓரத்தில் எழுதி வை, "வியாழக்கிழமைக்குள் கேண்டீன் சுவரில் பதில் ஒட்டுகிறேன்" என்று தேதி சொல்லு. சொன்ன தேதியில் ஒட்டவும் வேண்டும்.

கூட்டத்தில் கேட்கக் கூச்சப்படுகிற கேள்விகளும் உண்டு: கடன், ஜீவனாம்சம், வியாதி. பேசி முடித்ததும் லேப்டாப்பை மூடிக்கொண்டு ஓடாதே. வயரைச் சுருட்டுகிற மாதிரி கொஞ்ச நேரம் அங்கேயே நில்லு. தயங்கித் தயங்கி வருவார்கள்.

மெடிக்கல் லீவு பற்றிய ஸ்லைடுக்கு வருகிறேன். "30 நாள்" என்று மொட்டையாகப் போட்டிருக்கிறாய். வாரத்துக்கு ஐந்து நாள் வேலை செய்கிறவருக்கு 36 மாதத்துக்கு 30 நாள் என்பதுதான் சட்டம். வருஷத்துக்குப் பத்து என்று பிரித்து வைத்துக்கொண்டு, டிசம்பருக்குள் தீர்க்காவிட்டால் நஷ்டம் என்று நினைக்கிற ஆட்கள் ஏராளம். முதல் வருஷத்திலேயே 25 நாள் எடுத்தவருக்கு மிச்ச இரண்டு வருஷத்துக்கு ஐந்தே நாள்தான் என்று ஒரு கோடு போட்டுக் காட்டு. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் ஆறு மாதம் 26 நாள் வேலைக்கு ஒரு நாள். சர்டிபிகேட் விஷயத்திலும் ஒரு பாதிதான் எல்லாருக்கும் தெரியும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வராவிட்டால் கேட்கலாம் என்பது அந்தப் பாதி. எட்டு வாரத்துக்குள் இரண்டு தடவைக்கு மேல் வராமல் போனால், ஒவ்வொரு தடவையும் ஒரு நாளே ஆனாலும் கேட்கலாம் என்பது மற்றப் பாதி. திங்கட்கிழமைக் காய்ச்சல்காரர்களுக்கு அந்த இரண்டாவது பாதியைச் சிரித்த முகத்தோடு சொல்லு. யாரையும் பார்த்துச் சொல்லாதே.

யாரையும் பார்த்து என்றதும் ஞாபகம் வருகிறது. பன்னிரண்டாவது ஸ்லைடில் வருகைப் பதிவேட்டின் படம் வைத்திருக்கிறாய். பெயரை மறைத்திருக்கிறாய், சரி, பணியாளர் எண் பளிச்சென்று தெரிகிறதே! பக்கத்து ஆளின் எண் அங்கே எல்லாருக்கும் மனப்பாடம். ஒருத்தரின் உடல்நிலை விவரம் போப்பியா என்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உள்ள தகவல். அந்தப் படத்தை இன்றைக்கே எடுத்துவிடு.

நம் ஸ்லைடுகள் பேசி முடித்ததும் காற்றில் போய்விடுவதில்லை. போனில் படம் பிடிப்பார்கள், அது யூனியன் ஆபீசுக்குப் போகும், அங்கிருந்து தொழில் தகராறுகளைத் தீர்த்துவைக்கிற சி.சி.எம்.ஏ. மேஜைக்கும் போகும். நாளைக்கே ஆள்குறைப்பு பற்றிப் பேசச் சொல்லி மேலிடம் உன்னிடம் ஒரு ஸ்லைடைக் கொடுத்தால், வினைச்சொல்லைப் பார். "இந்த 14 இடங்கள் நீக்கப்படுகின்றன" என்று இருந்தால் காட்டாதே. தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 189-வது பிரிவு, நிர்வாகம் ஆள்குறைப்பை யோசிக்கிற கட்டத்திலேயே கலந்து பேச வேண்டும் என்கிறது. முடிவெடுத்துவிட்டு வந்து கலந்தாலோசனை என்று உட்கார்ந்தால், அந்த ஸ்லைடே உங்களுக்கு எதிரான சாட்சி. மேனேஜர் முறைப்பார். முறைக்கட்டும்.

மேனேஜர்களுக்குத் தனியாகப் பேசும்போது கதை வேறு. அவர்களுக்கு ஒரே ஒரு எண், அதன் விலை, நீ கேட்பது என்ன. 200 பேர், மாதத்தில் 21 வேலை நாள் என்றால் மொத்தம் 4,200. அதில் 168 நாள் ஆள் வரவில்லை என்றால் 4 சதவீதம். அந்த நாட்களை ஈடுகட்டக் கொடுத்த ஓவர்டைம் ஒன்றரை மடங்கு என்பதை ராண்டில் பக்கத்தில் எழுது. அவ்வளவு போதும், டீ ஆறுவதற்குள் முடித்துக்கொண்டு வா.

மொழி விஷயம். இங்கே டர்பனில் ஜூலு மொழியில் வணக்கமாக "சனிபோனானி" என்று சொல்லித் தொடங்கினால் பின் வரிசைகூட நிமிர்ந்து பதில் சொல்லும். அங்கே உன் கிடங்கில் சோத்தோ, ஸ்வானா பேசுகிறவர்களும் இருப்பார்கள், அவர்களுக்கு "துமேலாங்". உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தால் சிரிக்கட்டும், நல்லதுதான். மொழிபெயர்க்கிற ஆளிடம் முதல் நாளே தாளைக் கொடுத்துவிடு. சூப்பர்வைசரை மட்டும் மொழிபெயர்க்கப் போடாதே, அவர் வாயால் வந்தால் எல்லாமே உத்தரவு மாதிரிக் கேட்கும். இரண்டு வாக்கியம் பேசு, நிறுத்து. அவர் பேசும்போது நீ அவரைப் பார்க்காமல் ஜனங்களைப் பார்.

எழுத்தைப் பெரிதாக்கு. கடைசி நாற்காலியில் நீயே போய் உட்கார்ந்து படித்துப் பார். விவாதம் சூடு பிடித்தால் கீபோர்டில் பி விசையைத் தட்டு, திரை இருண்டுவிடும், எல்லார் கண்ணும் உன்மேல் வரும். மின்வெட்டு முன்னைப் போல இல்லை என்றாலும் எல்லாவற்றையும் ஒரு ஏ4 தாளில் அடக்கி அச்சடித்து வைத்துக்கொள். வீட்டில் பெண்டாட்டியிடம் காட்ட ஒரு தாள் இருப்பது அவர்களுக்குப் பெரிய விஷயம்.

நேரத்தையும் மாற்றச் சொல்லு. நாலரை மணிக்கு வைத்திருக்கிறார்களாம். அந்த நேரத்தில் எல்லாருக்கும் மனசு மினிபஸ் டாக்ஸி வரிசையில் இருக்கும். முதல் டாக்ஸியைத் தவறவிட்டால் வீடு போய்ச் சேர இருட்டிவிடும் என்ற கவலையில் இருப்பவரிடம் பென்ஷன் பேசி என்ன பிரயோஜனம்? காலை ஷிப்ட் தொடங்குகிற நேரத்தில், சம்பளம் ஓடுகிற நேரத்தில் வைக்கச் சொல்லு. மேனேஜர் அரை மணி உற்பத்தி போகிறதே என்பார். விளங்காமல் போனால் பிறகு ஒவ்வொருத்தராக உன் அறைக்கு வருவார்களே, அந்த நேரத்தைக் கூட்டிப் பார்க்கச் சொல்லு.

தீபாவளிக்கு வருகிறாய்தானே? நமக்கு இங்கே அது அரசு விடுமுறை இல்லை, நீ எச்.ஆர். என்பதால் லீவு தானாக வந்துவிடாது. இப்போதே எழுதிக் கொடு. யூனியன் பிரதிநிதியான ஷாப் ஸ்டூவர்டிடம் திங்கட்கிழமையே ஸ்லைடுகளைக் காட்டிவிட்டு, அவர் எதில் முகம் சுளித்தார் என்பதை மட்டும் எனக்கு இரவு போன் பண்ணிச் சொல்லு. ஒன்பது மணிக்கு மேல் பண்ணு, அதுவரைக்கும் கோவிலில் பஜனை.

அன்புடன்,
அம்மா